நிறைஞ்சிட்டு என்றொரு சொல்

அத்தான் வரம்பில் நின்று போன் கதைத்துக்கொண்டிருந்தார். ஒரு காதில் போன். மற்றக் காதை உள்ளங்கையால் பொத்தியிருந்தார். பக்கத்து வயலில் உழவு மெசின் சேற்றைப் புரட்டியபடி போனது. அதன் பின்னால் கொக்குகள், வெள்ளை வேட்டி கட்டிய கலியாண வீட்டுக்காரர் மாதிரி, காலைத் தூக்கித் தூக்கி நடந்தன.

"விதை எப்பிடி?" என்று கத்தினார். "விதை… விதை! ஆறுமாத நெல்லு!"

பிறகு கேட்டுக்கொண்டு நின்றார். அக்கா பேசும்போது மட்டும் அவருடைய முகத்துக்கு ஒரு பணிவு வரும். போனிலும் அது வரும்.

"நிறைஞ்சிட்டோ?… ஓம்… ஓம். சரி. நான் பார்க்கிறன்."

போனில் ஒட்டியிருந்த சேற்றைச் சாரத்தில் துடைத்தார், அவசரமில்லாமல். பிறகு வரம்பிலேயே இருந்துவிட்டார்.

"என்னவாம் அத்தான்?"

"நிறைஞ்சிட்டாம்."

மெசின் நின்றது. ஓட்டிக்கொண்டிருந்த சலீம் காக்கா அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "என்ன யோகா, தங்கச்சி என்ன செல்றா?"

"நிறைஞ்சிட்டாம் காக்கா."

"யா அல்லாஹ்," என்றார் சலீம் காக்கா, சத்தமில்லாமல்.

மூன்று ஆம்பிளைகள். ஒரே சொல். மூன்று பேருக்கும் ஒரே அர்த்தம் விளங்கியது: விதை முடிந்துவிட்டது.

கடைசி வயல்

போன கிழமை துறைமுகத்தில் நங்கூரம் போட்டு நின்ற கப்பல்களைப் பற்றி எழுதிவிட்டு, இந்தக் கிழமையும் கடலோரமே நிற்கலாம் என்று இருந்தேன். ஏலவில்லை. கால் தோப்பூர்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது.

தோப்பூருக்குக் கீழே, கங்கை என்று நாங்கள் சொல்லும் ஆறு கடலோடு சேருவதற்கு முன் சோம்பி நிற்கிற இடத்தில் அந்த வட்டை. வட்டை என்றால், ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்கிற வயல்கள் எல்லாம் சேர்ந்தது. அதில் கடைசி வயல் அத்தானுடையது. நல்ல தண்ணீர் கடைசியாக வருவது அங்கே. உப்பு முதலாவதாக வருவதும் அங்கே.

அத்தான் என் அக்கா மலரின் புருஷன். பெயர் யோகராசா. இந்தத் தொடரில் முன்னரும் வந்திருக்கிறார், தேர் பார்க்கப் போய் ஒற்றைச் செருப்போடு திரும்பியவராக. சண்டையில் இடம்பெயர்ந்த காலத்தில் கப்பல்துறை என்ற ஊருக்கு வந்தவர்கள் அங்கேயே வீட்டைக் கட்டிவிட்டார்கள். வயல் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. விதைப்புக் காலத்தில் அத்தான் வயல் வாடியில் தங்குவார். வாடி என்பது நாலு கம்பும் ஒரு தகரமும். கிழமைக்கு ஒருக்கா மோட்டார் சைக்கிளில் கிண்ணியாப் பாலம் கடந்து வீட்டுக்குப் போய், குளித்து, சாப்பிட்டுத் திரும்புவார்.

சலீம் காக்கா, அதாவது சலீம் அண்ணன், அடுத்த வயல்காரர். தோப்பூர் ஆள். அத்தானைவிட மூத்தவர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளாத நாளில் வட்டையில் யாருக்கோ சுகமில்லை என்று அர்த்தம்.

இல்லை என்று சொல்லாத வாய்கள்

எங்கள் வீடுகளில் அரிசி முடிவதில்லை. நிறையும்.

"அரிசி நிறைஞ்சிட்டு" என்று அம்மா குசினிக்குள் இருந்து சொன்னால் நான் பையை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓட வேண்டும். விளக்கை அணைக்கிறதில்லை, குளிர வைக்கிறது. போகிறவர் போகிறேன் என்று சொல்லாமல், போட்டு வாறன் என்று சொல்லுவார். சூடு மிதித்த களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரைக்காலை ஒன்று என்று எண்ணுவதில்லை, லாபம் என்பது. சலீம் காக்காவின் வாப்பாவும் அப்படித்தான் எண்ணுவாராம். கூடவே "பறக்கத்" என்று, பெருகட்டும் என்கிற ஒரு சொல்லையும் போடுவாராம்.

இல்லாமையை வாசலுக்கு வெளியிலேயே நிற்க வைக்கிற வழி அது. எவ்வளவோ இழந்த சனங்கள், இழப்பின் பெயரை மட்டும் வாயில் எடுக்கமாட்டோம் என்று நின்றார்கள்.

ஆனால் சொல்லும் ஒரு பாத்திரம்தானே. ஒன்றை ஊற்றி வைத்தால் மற்றதுக்கு இடமில்லை. முடிந்ததைச் சொல்ல நிறைவை எடுத்துக்கொண்டவர்கள், நிறைந்ததைச் சொல்ல எதை எடுப்பார்கள்?

இதை அப்போது யாரும் யோசிக்கவில்லை. கொக்குகளைத் தவிர அங்கே எல்லோரும் அந்தச் சொல்லுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

உப்பு ஏறிய வழி

உப்பு ஒரே நாளில் வரவில்லை.

மழை சொன்ன நேரத்துக்குப் பெய்த காலத்தில் கங்கைக்குப் பலம் இருந்தது. கடலை அது வாசலிலேயே தள்ளி வைத்திருந்தது. மழை பிசகத் தொடங்கிய பிறகு ஆறு மெலிந்தது. வறண்ட மாதங்களில் கடல் ஆற்று வழியே மேலே வந்தது. வாய்க்காலுக்குள் திரும்பியது. யாரும் கூப்பிடாத விருந்தாளி, செருப்பைக் கழற்றாமல் உள்ளே நடந்தது.

பெய்யும்போதோ ஒரேயடியாகப் பெய்தது. ஒரு புயலில் களப்புத் தண்ணீர், கடலோடு சேர்ந்த உப்பேரித் தண்ணீர், வரம்புக்கு மேலால் ஏறி நாட்கணக்கில் வயலில் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால், கல்லில் சவர்க்காரம் காய்ந்தது போல நிலம் வெள்ளையாகக் கிடந்தது.

கடை விதை அந்த நிலத்தில் முளைக்காமல் இல்லை. முளைக்கும். ஒரு சாண் வரும். பார்க்கிறவன் மனதில் ஆசையை மூட்டும். பிறகு நுனியிலிருந்து பழுத்து, நெருப்புப் பட்ட நூல் மாதிரிச் சுருண்டுவிடும்.

ஆறுமாத நெல்தான் தாக்குப்பிடித்தது. சலீம் காக்காவின் மச்சான் ஒருவர் குறிஞ்சாக்கேணியில் களப்போரமாக வைத்திருந்த பழைய சிவப்பு நெல். அவர் காணியை விட்டுவிட்டுக் கட்டார் போகும்போது, மிஞ்சிய விதையை ஒரு துணியில் முடிந்து காக்காவிடம் கொடுத்தார். காக்கா அத்தானிடம் கொடுத்தார். "உண்ட வயல்லதான் உப்புக் கூட. நீ போட்டுப் பாரு. செத்தா உண்ட வயல்ல சாகட்டும்."

சாகவில்லை. முதல் வருஷம் வயலின் ஒரு மூலையில் ஆள் உயரத்துக்கு நின்றது. அடுத்த பெரும்போகம் மூலை பாதியானது. பிறகு முழு வயல். அத்தான் ஒரு மணியும் உலையில் போடவிடவில்லை. "பெருகட்டும். வட்டைக்கே குடுக்கலாம். பிறகு சாப்பிடுவம்."

அந்த நெல்லுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மாரி மழையில் செய்கிற பெரும்போகத்தில் மட்டும்தான் விளையும். கார்த்திகைக்குள் மண்ணில் விழ வேண்டும். பிந்தினால், பகல் நீளத் தொடங்கியதும் பூக்க மறந்துவிடும்.

கீழ் வயல்களை இறால் பண்ணைக்குக் கேட்டு ஒருவர் சுற்றித் திரிந்தார். நாலைந்து பேர் கொடுத்துவிட்டார்கள். தோண்டி, உப்புத் தண்ணீர் நிரப்பினால் அது பிறகு வயலாகாது. அத்தானிடம் வந்தபோதெல்லாம் அவர் ஒரே பதில் சொன்னார்: "என்னட்ட விதை கிடக்குத் தம்பி. விதை கிடக்கும் மட்டும் இது வயல்."

தொப்பி

இதற்கிடையில் ஒரு கூட்டம். உப்புவெளிப் பக்கம், கடலைப் பார்த்த ஹோட்டல் ஒன்றில். குளிரூட்டி போட்ட மண்டபம். அத்தானையும் காக்காவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். நானும் ஒட்டிக்கொண்டு போனேன். சுவரில் பெரிய எழுத்தில் "நிலைபேறான விவசாயம்."

"தம்பி, நிலைபேறு எண்டா என்ன?" என்று அத்தான் என் காதுக்குள் கேட்டார்.

"நிண்டு நிலைக்கிறது அத்தான்."

"எங்க நிக்கிறது? தண்ணிக்குள்ளயோ?"

மேடையில் பேசியவர் நல்ல பிள்ளை. உண்மையான கவலையோடுதான் பேசினார். உப்புத் தாங்கும் விதையைச் சமூகமாகச் சேர்ந்து பாதுகாக்க வேண்டும் என்றார். அத்தான் எழும்பி, தன்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது, வைப்பதற்கு நல்ல குளிர்ச்சியான இடம் ஒன்று தருவீர்களா என்று கேட்டார். அது அடுத்த கட்டத்தில் வரும் என்றார்கள். அடுத்த கட்டம் இன்னும் வரவில்லை. வந்தவர்களுக்கு ஆளுக்கொரு பச்சைத் தொப்பி கிடைத்தது.

"போட்டுக்க யோகா," என்றார் சலீம் காக்கா வெளியில் வந்ததும். "இனி உப்புக்கு ஒன்ன அடையாளம் தெரியாது."

மூன்றாம் முறை

நான் சொல்ல வந்த வருஷத்தில் ஐப்பசியிலேயே அத்தான் புழுதியில் விதைத்தார். மழைக்கு முன் காய்ந்த மண்ணில் விதையைத் தூவிவிட்டு வானத்தை நம்பிக் காத்திருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வானம் இரண்டு பின்னேரம் பெய்தது. விதை நம்பி முளைத்தது. பிறகு சித்திரை மாதத்து வெயில் ஒன்று ஐப்பசியில் அடித்தது. முளை கருகியது.

திரும்ப விதைத்தார். இம்முறை மழை வந்தது, போகத் தெரியாத மழை. விதை தண்ணீருக்குள் அழுகியது. களப்பும் கொஞ்சம் உள்ளே வந்துவிட்டுப் போனது.

வாடியில் இருந்த விதை அவ்வளவுதான். அப்போதுதான் வரம்பில் நின்று அக்காவுக்குப் போன் எடுத்தார். வீட்டில் நீலப் பரலில், அந்தப் பிளாஸ்டிக் பீப்பாயில், பாதி இருந்தது அவருக்குத் தெரியும். போன அறுவடையில் முதல் தடவையாக, வீட்டுச் சாப்பாட்டுக்கென்றும் சில மூட்டைகளை ஒதுக்கியிருந்தார். "இந்த முறை நாங்களும் ருசி பார்ப்பம்," என்று அக்காவிடம் சொல்லியிருந்தார். இடையில் மழையில்லாத, கையில் ஒன்றுமில்லாத மாதங்கள் போயிருந்தன. மூட்டையும் போய், பரலும் போயிருக்கும். நிறைஞ்சிட்டு என்ற சொல்லுக்குள் அத்தனையையும் அவர் பார்த்துவிட்டார்.

"மலர்ட்ட ஒண்டும் கேக்காத யோகா," என்றார் காக்கா. "பொம்புள எந்த நெலமையில அதக் குத்தி ஆக்கினாவோ."

"கேக்கமாட்டன் காக்கா. கேட்டா அவ செத்துப்போவா."

அடுத்த நாள் தோப்பூர்ச் சந்தையில் கடை விதை வாங்கினார். நான்தான் உரப்பையைத் தலையில் வைத்து வரம்பால் கொண்டுபோனேன். அத்தான் கையை வீசி வீசி எறிந்தார். விளையாது என்று தெரிந்து விதைக்கிறவனின் கை எப்படி வீசும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வழமை போலத்தான் வீசியது. கைக்குத் தெரியாது.

நீலப் பரல்

தை பிறந்து கொஞ்ச நாளில் கப்பல்துறைக்குப் போனேன். வயலில் நாற்று வெளுக்கத் தொடங்கியிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது, அக்காவுக்கு என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தபடி போனேன்.

"வயல் எப்பிடியடா?"

"போகுது அக்கா."

"உன்ர அத்தானும் இதைத்தான் சொல்லுறார். போகுது, போகுது எண்டு. எங்கதான் போகுது?"

குசினிக்குப் பின்னால் தகரக் கொட்டில். அங்கே எறும்பு ஏறுகிறது, பரலைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைக்கவேண்டும், ஒரு கை பிடி என்றாள். பிடித்தேன். பரல் அசையவில்லை.

"என்னக்கா, கல்லோ உள்ளுக்குள்ள?"

"கல்லோ? வாய்க்கு வந்ததைச் சொல்லாதை. விதையடா."

மூடியைத் திறந்தாள். மேலே காய்ந்த வேப்பிலை. வேப்பிலைக்குக் கீழே, விளிம்பு மட்டும், சிவந்த பழுப்பில் நெல். கையை விட்டேன். மணிக்கட்டு, முழங்கை. அடி தட்டுப்படவில்லை. உள்ளே நெல் சூடாக இருந்தது.

"நீங்கள் நிறைஞ்சிட்டு எண்டுதானே சொன்னனீங்கள்?"

"ஓம். நிறைஞ்சிட்டு." அக்கா பரலைக் காட்டினாள். "பார், நிறைஞ்சுதானே கிடக்கு."

கொட்டிலுக்கு மேலால் ஒரு விமானம் சீனன்குடாவில் இறங்கியது. சத்தம் ஓயும்போது அக்காவுக்கு விளங்கிவிட்டது. முதலில் சிரித்தாள். பிறகு பரலில் சாய்ந்தபடி நிலத்தில் இருந்தாள்.

சாப்பாட்டுக்கென்று அத்தான் ஒதுக்கிய மூட்டைகளை அவள் தொடவில்லை. ருசி பார்க்கிறதென்ன, விதை கூடினால் வயல் கூடும் என்று, கடை அரிசி வாங்கிச் சமைத்தாள். முதல் விதைப்பு கருகியது என்று கேட்ட நாளிலிருந்து அந்த மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் புடைத்து, பதர் நீக்கி, பாதிப் பரலில் சேர்த்தாள். விளிம்பு தட்டியது. அன்றைக்குத்தான் அத்தான் போன் எடுத்தார். சந்தோஷத்தில் வாய்க்கு வந்த சொல்லைச் சொன்னாள்.

"நிறைய இருக்கு எண்டு சொல்லியிருக்கலாமே அக்கா."

"நிறைய இருக்கு எண்டு ஆரடா சொல்லுவினம்? கண்பட்டுப் போகாதோ?"

வெள்ளைச் சோறு

அத்தான் அன்றைக்குப் பின்னேரம் வந்தார். மோட்டார் சைக்கிளை நிறுத்த முன்னமே அக்கா முற்றத்தில் நின்றாள்.

"இஞ்சாருங்கோ, விதை ஏன் எடுக்கேல்ல?"

"எந்த விதை?"

கொட்டிலுக்குள் போய்ப் பார்த்தார். வெளியில் வந்தார். தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவினார். திரும்பவும் உள்ளே போய்ப் பார்த்தார்.

"நான் நினைச்சன், நீர் அரிசியாக்கிப் போட்டீர் எண்டு."

"உங்களைக் கேக்காமல் விதையில கை வைப்பனோ? எத்தனை தரம் வந்து போனீங்கள், ஒரு வார்த்தை கேட்டீங்களோ?"

"கேட்டா உமக்கு வெக்கமாயிருக்கும் எண்டு கேக்கேல்ல, கொட்டில் பக்கமும் போகேல்ல. வீட்டில வெள்ளைச் சோறுதானே போட்டீர். சிவப்பு இருந்தா சிவப்புத்தானே போட்டிருப்பீர் எண்டு நினைச்சன்."

"நானும் கேக்கேல்ல. நீங்கள் விதையை மிச்சம் பிடிக்கிறியள், காரணம் இல்லாமல் செய்யமாட்டியள் எண்டு இருந்தனான்."

கார்த்திகையும் மார்கழியும் முழுக்க, ஒருவர் மனம் நோகக்கூடாதென்று மற்றவர் வாயை மூடிக்கொண்டு, ஒரு கோப்பை வெள்ளைச் சோற்றுக்கு முன்னால் இருந்திருக்கிறார்கள். கொஞ்சம் மரியாதை கெட்ட குடும்பமாக இருந்திருந்தால் அந்த வயல் தப்பியிருக்கும்.

அத்தான் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் நல்லது. "ம்," என்றார். "தேத்தண்ணி போடும்."

ஈரச் சாக்கு

பிந்திவிட்டது என்று தெரிந்தும் ஒரு பிடி விதையை ஈரச் சாக்கில் சுற்றி, கிணற்றடியில் வைத்தார். சாக்கை விரிக்கும் நாளில் சலீம் காக்காவும் தோப்பூரிலிருந்து வந்திருந்தார். அங்கொன்று இங்கொன்றாகத்தான் முளை. மற்றதெல்லாம் ஊறி, வீங்கி, சும்மா கிடந்தன.

மழை விட்ட பிறகு அந்த வருஷம் அடித்த வெக்கையை இங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பொழுதுபட்டும் தகரம் ஆறாது. அந்தத் தகரத்துக்குக் கீழே, இறுக மூடிய பரலுக்குள், விதை உயிரோடு வெந்துவிட்டது. அடுத்த பெரும்போகம் வரைக்கும் அதில் ஒன்றும் மிஞ்சாது. வெயில் காலத்துச் சிறுபோகத்தில் போடலாம் என்றால், அப்போது வாய்க்காலில் வருவது கடல்.

காக்காவுக்கும் வேறெங்கும் அந்த நெல் இருப்பதாகத் தெரியவில்லை. கட்டாருக்குப் போன் போட்டுக் கேட்டார். குறிஞ்சாக்கேணிக் காணியில் இப்போது மதிலும் கேற்றும் என்று மச்சான் சொன்னாராம்.

முளைத்ததைப் பொறுக்கி அக்கா ஒரு பழைய வாளியில் நட்டாள். நன்றாக வந்தது. கரும்பச்சை. காற்றுக்கு ஆடும்போது, கீழே வாளி இருப்பதை மறந்தால், வயல்தான். பகல் நீண்டுகொண்டே போனது. பூக்கவில்லை. இலை விட்டது, மேலும் இலை விட்டது, புல்லாகவே நின்றது.

"யோகா," என்றார் காக்கா மறுமுறை வந்தபோது வாளியைப் பார்த்து, "ஒரு ஆட்டுக்குட்டி வாங்கு. தீன் ரெடி."

அத்தான் சிரித்தார். காக்கா சிரிக்கவில்லை. சொல்லிவிட்டுத் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சிவப்புச் சோறு

சித்திரையில் வருஷம் பிறந்த பிறகு ஒரு மத்தியானம் கூப்பிட்டார்கள். பரல் நெல்லை அக்கா மில்லில் கொடுத்துக் குற்றிய அரிசி. முற்றத்திலேயே மணம் வந்தது. ஈர மண்ணில் பசும்பால் சிந்தியது மாதிரி ஒரு மணம். இத்தனை வருஷம் அந்த நெல்லோடு இருந்தோம். அது வேகும்போது எப்படி மணக்கும் என்று ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

கோப்பையில் சோறு சிவப்பாகக் குவிந்து கிடந்தது. திரளிமீன் குழம்பு, கீரைக் கடையல். அக்கா எங்களுக்குப் போட்டுவிட்டுத் தானும் வந்து இருந்தாள். யாரும் முதல் பிடியை எடுக்கவில்லை.

அத்தான்தான் எடுத்தார். குழம்பு விடாமல், வெறும் சோற்றை. மென்றார். கண் எங்கோ பார்த்தது.

நானும் எடுத்தேன். என்ன சொல்ல. நான் தின்ற சோறுகளிலேயே அதுதான் நல்ல சோறு. மணி மணியாகப் பல்லுக்கு நின்று, பிறகு தொண்டையில் மெல்லியதாக ஒரு இனிப்பை விட்டுவிட்டுப் போனது. உப்பு நிலத்தில் நின்றுகொண்டு அது எங்கேயிருந்துதான் அந்த இனிப்பை எடுத்ததோ.

"நல்லா இருக்கோ?" என்று அக்கா கேட்டாள்.

"நல்ல சோறு," என்றார் அத்தான். பிறகு குழம்பை விட்டுப் பிசைந்தபடி, மழை வரும் போல இருக்கிறது என்று சொல்லும் குரலில் சொன்னார்: "திங்கக்கிழமை இறால்காரர் அளக்க வருவினம். தம்பி, நீரும் ஒருக்கா வாரும். எல்லைக்கல்லு எனக்கு வடிவா ஞாபகமில்லை."

அந்த வயலின் ஒவ்வொரு எல்லைக்கல்லும் அவருக்குத் தெரியும்.

அக்கா அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தபடி இருந்தாள். அத்தான் கோப்பையைத் துடைத்துச் சாப்பிட்டார். சோற்றுமணி ஒன்று சாரத்தில் விழுந்தது. அதை எடுத்து வாயில் போட்டார். பிறகு கோப்பையை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடும்."